பத்துக்கு எத்தனை? கூகிளின் பச்சைப்பட்டையும் வலைப்பதிவர்களின் கலக்கமும்

2007 ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் ஆங்கில வலைப்பதிவுலகில் பெரும் கூக்குரல் ஒன்று எழுந்தது. இணைய உலாவியின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த சிறியதொரு பச்சைப்பட்டை சற்றுக் குறுகிவிட்டது என்பதே அதற்குக் காரணம். வலைப்பதிவு எழுதிப் பணம் ஈட்டுவது எப்படி என்று உலகுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த 'புரோபுளொகர்' தளத்தின் மதிப்பெண் 6 இலிருந்து 4 க்கு இறங்கியது. விளம்பர எழுத்துக்கலையைக் கற்பித்த 'கொப்பிபுளொகர்' தளத்துக்கும் அதே கதிதான். தொழில்நுட்பச் செய்திகளுக்குப் பெயர்பெற்ற 'என்கட்ஜெட்' 7 இலிருந்து 5 க்கு வந்தது. தேடுபொறிகளைப் பற்றியே எழுதிவந்த 'சேர்ச் என்ஜின் ஜேர்னல்' 7 இலிருந்து 4 க்கு விழுந்தது. வாஷிங்டன் போஸ்ட், ஃபோர்ப்ஸ் ஆகியவற்றின் தளங்கள் கூடத் தப்பவில்லை; அவையும் 7 இலிருந்து 5 க்கு இறக்கப்பட்டன.

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் பாடசாலை அறிவித்தல் பலகைக்கு முன்னால் முண்டியடிக்கும் மாணவர்களைப் போல, வலைப்பதிவர்கள் தங்களுடைய மதிப்பெண்ணையும் அயலவருடைய மதிப்பெண்ணையும் மாறிமாறிப் பார்த்துப் பட்டியல் இட்டார்கள். இதில் ஒரு விசித்திரமும் இருந்தது. மதிப்பெண் குறைந்தவர்களில் பலர், கூகிள் வழியாகத் தங்களிடம் வந்துசேரும் வாசகர்களின் தொகையில் எந்த மாற்றமும் இல்லை என்று தாங்களே எழுதினார்கள். தேடல் முடிவுகளில் அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பார்வைக்கு வைக்கப்பட்ட இலக்கம் மாத்திரமே மாறியிருந்தது. வாசகர் குறையவில்லை என்றால் எதற்காக அவ்வளவு கலக்கம்?

ஈயத்தில் அச்செழுத்துக் கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்குள் வந்தவன் நான். எந்தச் செய்தி முதலாம் பக்கத்தில் வரவேண்டும், எது ஏழாம் பக்கத்தின் மூலைக்குப் போகவேண்டும் என்பதை மாலையில் ஆசிரியபீடத்தில் கூடுகின்ற நாலைந்து பேர் தீர்மானித்தோம். மறுநாள் காலையில் தொலைபேசி அலறும். "எங்களுடைய கூட்டத்துக்கு ஐயாயிரம் சனம் வந்தது. நீங்கள் உள்பக்கத்தில் ஒரு துண்டாகப் போட்டிருக்கிறீர்களே" என்று கோபிப்பவரை நேரில் வரச்சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்த சந்தர்ப்பங்கள் எத்தனையோ. எங்களுடைய தீர்ப்புகள் எல்லாம் நியாயமானவை என்று சொல்லமாட்டேன். ஆனால், தீர்ப்பளித்தவனின் முகம் கோபித்தவருக்குத் தெரிந்திருந்தது. கூகிளின் தரவரிசையைப் பற்றிய வரலாற்றை வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தொலைபேசிதான்.

பேஜ்ராங்க் என்ற அந்த அளவுகோலைப் பலர் இணையப் பக்கத்தின் தரம் என்றே பொருள்கொண்டார்கள். உண்மையில் அந்தப் பெயரில் இருப்பது லரி பேஜ் என்ற மனிதரின் குடும்பப் பெயர். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அவரும் அவருடைய சகாவான சேர்ஜி பிரினும் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரே விடயத்தைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் இருக்குமானால் எதை முதலில் காட்டுவது? அக்காலத்தில் முன்னணியில் இருந்த அல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களையே எண்ணின. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவைகள் எழுதிவைத்து அவற்றை ஏமாற்றுவது கடினமாக இருக்கவில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பாமல், பிறர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்பதே இரு மாணவர்களும் கண்ட வழி.

இந்த வழி கல்வியுலகத்துக்குப் புதியதல்ல. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் முன்மொழிந்து, 1964 இல் விஞ்ஞான மேற்கோள் சுட்டியாக வெளியிடத் தொடங்கிய முறைமையின் வாரிசு அது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எத்தனைபேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவது கார்ஃபீல்டின் முறை. அவருக்கும் முன்னோடிகள் இருந்தார்கள். எந்தத் தீர்ப்பு எந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியது என்று அமெரிக்கச் சட்டத்தரணிகளுக்காகப் பட்டியல் இடும் வழக்கம் 1873 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பேஜும் பிரினும் செய்த முக்கியமான சேர்க்கை, மேற்கோள்களை எண்ணுவதோடு நில்லாமல் அவற்றை நிறுத்துப் பார்த்தமைதான். மதிப்புள்ள பக்கம் ஒன்று தரும் இணைப்புக்கு மதிப்பு அதிகம். அதே பக்கம் நூறு பேருக்கு இணைப்புக் கொடுத்தால் அந்த மதிப்பு நூறாகப் பிரிந்துவிடும். எங்களூரில் கிராம சேவகரின் நற்சான்றிதழ் எல்லோர் கையிலும் இருக்கும். அதைப் பார்த்து எவரும் வேலை கொடுப்பதில்லை. எவருக்கும் இலகுவில் கையெழுத்திடாத பேராசிரியர் ஒருவரின் இரண்டு வரிக் கடிதத்துக்கு இருக்கும் பெறுமதி வேறு. அந்த உலக நியாயத்தையே அவர்கள் கணிதமாக்கினார்கள். இணைப்புகளைத் தொட்டுத்தொட்டு இலக்கின்றி அலையும் வாசகன் ஒருவனைக் கற்பனை செய்து, அவன் 85 சதவீதமான தருணங்களில் ஏதாவதொரு இணைப்பைப் பின்தொடர்வான், எஞ்சிய 15 சதவீதத்தில் சலித்துப்போய் எங்கோ ஒரு புதிய பக்கத்துக்குத் தாவுவான் என்று வைத்துக்கொண்டு, அவன் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்குவான் என்று கணக்கிட்டார்கள்.

1998 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடைபெற்ற மாநாட்டில் இந்தத் தேடுபொறி பற்றிய அவர்களுடைய கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டது. அப்போது அவர்களிடம் இருந்த சேகரம் 2 கோடி 40 இலட்சம் பக்கங்கள். அக்கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருமானத்தில் தங்கியிருக்கும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரதாரர்களின் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவர்கள் எச்சரித்திருந்தார்கள். பிற்காலத்தில் உலகின் மிகப்பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்றைக் கட்டியெழுப்பப் போகிறவர்கள் எழுதிய வரிகள் அவை. இந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமை ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துக்கே உரியதாக இருந்தது. அதைப் பயன்படுத்தும் அனுமதிக்காகக் கூகிள் கொடுத்த 18 இலட்சம் பங்குகளைப் பல்கலைக்கழகம் 2005 இல் விற்றபோது கிடைத்த தொகை 33 கோடி 60 இலட்சம் டொலர். ஸ்ரான்போர்டின் பெயர் இந்தக் கதையில் இன்னொரு தடவையும் வரும்.

பயன்பாட்டில் பேஜ்ராங்க் அற்புதமாக வேலை செய்தது. அது கெட்டுப்போனது எவ்வாறு என்று கேட்டால், 2000 டிசம்பரில் வெளியான கூகிள் கருவிப்பட்டையையே நான் காட்டுவேன். உலாவியில் இணைத்துக்கொள்ளக்கூடிய அந்தப் பட்டை, பார்க்கின்ற ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 10 வரையிலான மதிப்பெண் ஒன்றைப் பச்சை நிறத்தில் காட்டியது. உள்ளே இரகசியமாக இருந்த அளவுகோலின் மங்கலான நிழல்தான் அது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவது பல மடங்கு கடினம் என்று நம்பப்பட்டது. ஆயினும் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிகின்ற இலக்கமாக அது இருந்தது. கண்ணுக்குத் தெரியும் இலக்கம் ஒன்றுக்கு விலைச்சீட்டு ஒட்டுவதற்குச் சந்தைக்கு அதிககாலம் தேவைப்படுவதில்லை. 4 மதிப்பெண் உள்ள பக்கத்தில் ஓர் இணைப்புக்கு இவ்வளவு, 6 உள்ள பக்கத்தில் இவ்வளவு என்று பேரம் தொடங்கியது.

வலைப்பதிவர்கள் இந்தச் சந்தைக்குள் வந்தது ஓரளவுக்குத் தற்செயலாகத்தான். பேஜ்ராங்க் வலைப்பதிவைக் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்டதல்ல. என்றாலும், அதற்கென்றே அளவெடுத்துத் தைத்ததைப் போன்று வலைப்பதிவு அமைந்துவிட்டது. வலைப்பதிவர்கள் அடிக்கடி எழுதினார்கள். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் இணைப்புக் கொடுத்து மறுமொழி எழுதினார்கள். நண்பர்களின் பதிவுகளைப் பக்கவாட்டில் பட்டியல் இட்டார்கள். இதனால் தனிமனிதர் ஒருவர் இரவில் தனது அறையில் இருந்து எழுதிய குறிப்பு, பெரும் நிறுவனங்களின் பக்கங்களுக்கு மேலாகத் தேடல் முடிவுகளில் நின்றது. 2003 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில், ஈராக் போருக்கு எதிரான உலக மக்களின் அபிப்பிராயம் அமெரிக்காவுக்கு அடுத்த வல்லரசாக வர்ணிக்கப்பட்டது. மார்ச் மாத முடிவில் ஜேம்ஸ் மூர் என்பவர் அந்த 'இரண்டாவது வல்லரசு' என்ற கருத்தை இணையச் சமூகத்துக்கு உரியதாக மாற்றி ஒரு கட்டுரை எழுதினார். வலைப்பதிவர்கள் அதற்கு இணைப்பு மேல் இணைப்பாகக் கொடுத்தார்கள். சில வாரங்களுக்குள் கூகிளில் அந்தச் சொற்றொடரைத் தேடியவர்களுக்கு மூரின் பொருள் முன்னால் வந்தது. போர் எதிர்ப்பு ஊர்வலங்களின் பொருள் பின்னால் போனது. பிரித்தானிய இணையச் சஞ்சிகையான 'த ரெஜிஸ்டர்' இதைக் கடுமையாகச் சாடியது. வலைப்பதிவுகள் தேடல் முடிவுகளை மாசுபடுத்தும் இரைச்சல் என்றும் அவற்றைக் கூகிள் தனியாக ஒதுக்கிவைக்கப் போகிறது என்றும் அச்சஞ்சிகை எழுதியபோது வலைப்பதிவர்கள் கொதித்தெழுந்தார்கள். வலைப்பதிவுச் சேவையை நடத்திய பைரா நிறுவனத்தைக் கூகிளே அதே ஆண்டு பெப்ரவரியில் வாங்கியிருந்தது என்பது அவர்களுடைய ஆறுதலாக இருந்தது.

இந்தக் கூத்து எதுவும் அந்நாட்களில் எமது செய்தித்தாள்களின் இணையப் பக்கங்களைத் தொடவில்லை. காரணம், அவற்றைத் தேடுபொறியினால் வாசிக்கவே முடியவில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் நாங்கள் தட்டச்சு செய்து பக்கமேற்றிய 'அம்மா' என்ற சொல், கூகிளுக்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குழப்பமாகவே தெரிந்தது. யுனிகோட் பரவலான பின்னர்தான் தமிழ் எழுத்து தேடலுக்குள் வந்தது. அப்போதும் கூட, 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் அன்றைய பதிவு மேலே நிற்கிறதா என்பதே எம்மவரின் கவலையாக இருந்தது. பச்சைப்பட்டையின் இலக்கத்தைத் தமது பக்கத்தின் ஓரத்தில் பதக்கம்போலக் குத்திக்கொண்ட சிலரையும் கண்டதுண்டு.

மேற்கில் மாதம் ஒருமுறை தரவரிசையைக் கூகிள் புதுப்பித்தபோது, பல இடங்களில் இருந்த கணினிகள் சில நாட்களுக்கு வெவ்வேறு முடிவுகளைக் காட்டின. மேலும் கீழுமாக முடிவுகள் ஆடிய அந்த நாட்களுக்கு 'கூகிள் நடனம்' என்று பெயர். புயல்களுக்குப் பெயர் வைப்பதைப் போல 2003 ஆம் ஆண்டின் மாற்றங்களுக்கு இணையத்தள உரிமையாளர்கள் பொஸ்டன், கசாண்ட்ரா, டொமினிக், எஸ்மரெல்டா என்று வரிசையாகப் பெயரிட்டார்கள். நவம்பர் நடுப்பகுதியில் வந்த புளோரிடா எல்லாவற்றிலும் கொடியது. நத்தார் வியாபாரத்துக்காகக் கடனுக்குச் சரக்கெடுத்துக் களஞ்சியத்தை நிரப்பியிருந்த சிறு வியாபாரிகள் பலருடைய பக்கங்கள் தேடல் முடிவுகளில் இருந்து காணாமற்போயின. அவர்களிற் சிலர் எந்தத் தந்திரமும் செய்யாதவர்கள். தெருவோரத்தில் கடை வைத்தவன் காலையில் எழுந்துவரும்போது தெருவையே வேறுபக்கம் திருப்பிவிட்டார்கள் என்பதைப் போன்றதே அது.

இதற்குச் சற்று முன்னர்தான் நீதிமன்றம் ஒன்று இந்த விவகாரத்தில் தீர்ப்பளித்திருந்தது. அந்த வழக்கைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒக்லஹோமாவில் இயங்கிய 'சேர்ச்கிங்' என்ற நிறுவனம், மதிப்பெண் அதிகமுள்ள தளங்களில் விளம்பர இணைப்புகளுக்கு இடம்பிடித்துக் கொடுக்கும் வலையமைப்பு ஒன்றை 2002 ஓகஸ்டில் ஆரம்பித்தது. விலையை நிர்ணயிப்பதில் கூகிளின் பச்சைப்பட்டைக்கு முக்கிய இடம் இருந்தது. விரைவிலேயே சேர்ச்கிங்கின் சொந்த மதிப்பெண் 8 இலிருந்து 4 க்கு இறங்கியது; விளம்பர வலையமைப்பின் பக்கத்துக்கு மதிப்பெண்ணே இல்லாமற்போனது. ஒக்டோபரில் சேர்ச்கிங் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனது. தனது வியாபார உறவுகளைக் கெடுக்கும் நோக்குடன் கூகிள் வேண்டுமென்றே செய்த காரியம் இது என்பது அதன் முறைப்பாடு.

2003 மே மாதத்தில் நீதிபதி விக்கி மைல்ஸ்-லாகிரேஞ்ச் வழக்கைத் தள்ளுபடி செய்தார். கூகிள் அறிந்தும் வேண்டுமென்றும் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தாலும்கூட அது தவறல்ல என்பதே தீர்ப்பின் சாரம். ஒரு தளம் எவ்வளவு முக்கியமானது என்பதைப் பற்றிய கூகிளின் அபிப்பிராயம்தான் பேஜ்ராங்க். அபிப்பிராயத்தைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. எனவே அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் பேச்சுச் சுதந்திரத்துக்கு வழங்கும் பாதுகாப்பு அதற்கும் உண்டு. சிறுபிள்ளைகளின் பெற்றோருக்கான தகவல் தளம் ஒன்றை நடத்திய 'கின்டர்ஸ்ரார்ட்' நிறுவனம் 2006 இல் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கும் அடுத்த ஆண்டில் தோல்வியில் முடிந்தது.

இந்தத் தீர்ப்பை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எழுதியதற்காகப் பத்திரிகையாளர்கள் உயிரையே விலையாகக் கொடுத்த நாட்டைச் சேர்ந்தவன் நான். அபிப்பிராயத்துக்குப் பாதுகாப்பு என்ற வார்த்தையைக் கேட்டால் என்னையறியாமல் தலை அசையும். எந்தச் செய்தியை முதற்பக்கத்தில் போடுவது என்பதில் நீதிமன்றம் தலையிடக்கூடாது என்றுதானே நாங்களும் வாதாடினோம்? ஆனால், ஒரு நகரில் நாலு பத்திரிகைகள் இருந்தால் ஒன்றின் அபிப்பிராயத்தை மற்றொன்று மறுக்கும். கணிதச் சூத்திரத்தின் விடை என்று உலகுக்குக் காட்டப்பட்ட ஒன்று நீதிமன்றப் படியேறியவுடன் அபிப்பிராயமாக மாறிவிட்டதும் எனக்குச் சற்று நெருடலாகவே இருந்தது.

2005 ஜனவரியில் கூகிள், யாஹூ, மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றும் வலைப்பதிவுச் சேவை நிறுவனங்களுடன் சேர்ந்து ஒரு புதிய அடையாளத்தை அறிவித்தன. இணைப்பு ஒன்றுக்குள் 'நோஃபலோ' என்ற குறிச்சொல்லை இட்டால் தேடுபொறி அந்த இணைப்பைப் பரிந்துரையாகக் கணக்கிடாது. பின்னூட்டப் பெட்டிகளில் மருந்துக் கடைகளினதும் சூதாட்டத் தளங்களினதும் இணைப்புகளைக் கொட்டிச்சென்றவர்களை ஒழிப்பதே நோக்கம். வலைப்பதிவர்கள் முதலில் கைதட்டி வரவேற்றார்கள். குப்பை கொட்டியவர்களோ எண்ணிக்கைக்காகத் தொடர்ந்து கொட்டினார்கள். அக்கறையோடு பின்னூட்டம் எழுதிய நல்ல வாசகர்களுக்குக் கிடைத்துவந்த சிறிய மரியாதைதான் பறிபோனது. இதைக் கண்டு மனம்மாறிய பதிவர்கள் சிலர் அந்தக் குறிச்சொல்லை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, எனது தளத்தில் பின்னூட்டம் இடுபவருக்கு நான் பரிந்துரை தருவேன் என்று அறிவித்த ஓர் இயக்கமும் நடந்தது.

அந்தச் சிறிய குறிச்சொல் இரண்டு வருடங்களில் வேறொரு வேலைக்கும் பயன்படுத்தப்பட்டது. 2006 ஜூனில் புளோரிடா மாநிலத்தின் ஒர்லண்டோவில் 'பே பேர் போஸ்ட்' என்ற சேவை ஆரம்பமானது. விளம்பரதாரரின் பொருளைப் பற்றி இணைப்புடன் ஒரு பதிவு எழுதினால் வலைப்பதிவருக்குப் பணம் கிடைக்கும். பணம் பெற்றே எழுதுகிறேன் என்று வாசகருக்குச் சொல்வது தொடக்கத்தில் கட்டாயமாக இருக்கவில்லை; கண்டனங்களுக்குப் பின்னரே அது கட்டாயமாக்கப்பட்டது. எழுதும் பதிவின் விலை பதிவரின் பச்சைப்பட்டையைப் பொறுத்தது. குறைந்தது இத்தனை மதிப்பெண் வேண்டும் என்று விளம்பரதாரர்கள் நிபந்தனை விதித்தார்கள்.

2007 ஏப்ரலில் கூகிளின் பொறியியலாளர் மற் கட்ஸ், விலைக்கு வாங்கப்பட்ட இணைப்புகளைப் பற்றித் தகவல் தருமாறு தமது பக்கத்தில் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். பணம் பெற்றுக் கொடுக்கும் இணைப்புகளில் நோஃபலோ குறி இருக்கவேண்டும் என்பது கூகிளின் நிலைப்பாடு. அயலவனைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று வலைப்பதிவர்கள் சினந்தார்கள். ஒக்டோபர் முற்பகுதியில் டனி சலிவன் என்ற செய்தியாளர், இணைப்புகளை விற்றமைக்காகத் தளம் ஒன்றின் மதிப்பெண் 9 இலிருந்து 7 க்குக் குறைக்கப்பட்டதைக் கூகிளிடமே கேட்டு உறுதிசெய்து எழுதினார். அது ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையான 'ஸ்ரான்போர்ட் டெய்லி'. பேஜ்ராங்கின் காப்புரிமையைப் பல்கலைக்கழகம் வைத்திருக்க, அதன் மாணவர்கள் பேஜ்ராங்கைச் சில்லறையில் விற்றுத் தண்டனை பெற்றார்கள். நான் மேலே விவரித்த பெருங்கூக்குரல் இரண்டு வாரங்கள் கழித்து எழுந்தது. நவம்பரில் பே பேர் போஸ்ட் எழுத்தாளர்கள் பலருடைய மதிப்பெண் 0 ஆனது.

ஆகவே, வாசகர் குறையாதபோதும் அவர்கள் கலங்கியதற்குக் காரணம் அந்த இலக்கம் அவர்களுடைய சம்பளமாக இருந்தமைதான். வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே பதிவெழுதி வீட்டுச்செலவின் ஒரு பகுதியைச் சமாளித்த பெண்கள் அவர்களில் கணிசமாக இருந்தார்கள். பட்டையில் 4 இருந்தால் ஒரு தொகை, 0 என்றால் வேலையே இல்லை. எதிர்வினைகள் பலவிதமாக இருந்தன. சிலர் விளம்பர இணைப்புகளை எல்லாம் அகற்றிவிட்டுத் தங்களை மீளப் பரிசீலிக்குமாறு கூகிளுக்கு விண்ணப்பித்தார்கள். சிலர் பட்டையை இனிமேல் பார்ப்பதில்லை என்று சபதம் செய்தார்கள். பே பேர் போஸ்டை நடத்தியவர்கள் கூகிளுக்குப் போட்டியாகச் சொந்தமாக ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். விளம்பர இணைப்புகளை விற்றே செல்வம் சேர்த்த நிறுவனம், மற்றவன் விற்றால் குற்றம் என்று சொல்லலாமா என்பதே எல்லோரும் ஒருமித்துக் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதியைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில், ஒரு வர்த்தக நிறுவனத்தைப் புகழும் கட்டுரை ஒருநாள் விளம்பரப் பகுதியிலிருந்து நேராகப் பக்கத்துக்கு வந்தது. மேலே 'விளம்பரம்' என்ற சொல்லைப் போடவேண்டாம் என்று நிறுவனம் கேட்டிருந்ததாம். அந்த மாதச் சம்பளம் தாமதமாகும் நிலையில் இருந்ததால் போடாமலேயே விட்டோம். பக்கத்தைக் கையெழுத்திட்டு அனுப்பியவன் நான்தான். மறுநாள் வாசகர் எவரும் கேட்கவில்லை. ஆனால் அச்சுக்கூடத்தில் எழுத்துக்கோத்த பெரியவர், "தம்பி, இது செய்தியோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆதலால், விற்ற இணைப்பில் விற்றது என்று குறியிடச் சொன்னதில் கூகிளை நான் குறைகூறமாட்டேன். அந்தச் சொல்லைப் போடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

கூகிள் தன்னையும் தண்டித்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. 2009 பெப்ரவரியில் கூகிளின் ஜப்பானியக் கிளை வலைப்பதிவர்களுக்குப் பணம் கொடுத்துத் தன்னைப் பற்றி எழுதவைத்தமை அம்பலமானபோது அதன் மதிப்பெண் 9 இலிருந்து 5 க்குக் குறைக்கப்பட்டது. 2012 ஜனவரியில் குரோம் உலாவிக்காக நடத்தப்பட்ட பிரசாரத்தில் இதே தவறு நேர்ந்து, குரோமின் பக்கம் 60 நாட்களுக்குக் கீழிறக்கப்பட்டது. ஆனால், கூகிளுக்கு வீட்டு வாடகைப் பிரச்சினை எதுவும் இருக்கவில்லை.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 பெப்ரவரியில் பண்டா என்ற மாற்றம் மலிவாக எழுதிக் குவித்த தளங்களைச் சாய்த்தது. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றம் செயற்கையான இணைப்புகளைத் தண்டித்தது. அதுவரை இணைப்புத் தாருங்கள் என்று கெஞ்சிக் கடிதம் எழுதியவர்கள், தயவுசெய்து எங்களுக்குத் தந்த இணைப்பை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சத் தொடங்கினார்கள். தனக்குப் பிறர் கொடுத்த இணைப்பைத் தானே மறுதலிப்பதற்கு ஒரு கருவியையும் கூகிள் அவ்வாண்டு ஒக்டோபரில் வழங்கியது. பிறருடைய எழுத்தைப் பாராட்டிச் சுட்டுவது வலைப்பதிவின் ஆரம்பகால நற்பண்பு. அதைச் செய்தால் எங்கே தண்டனை வருமோ என்று யோசிக்கும் நிலைக்கு எழுதுபவர்கள் வந்துவிட்டார்கள். சில ஊடக நிறுவனங்கள் வெளியே செல்லும் எல்லா இணைப்புகளுக்கும் முன்னெச்சரிக்கையாக நோஃபலோ குறியிட்டன. மேற்கோள்களின் நேர்மையை நம்பிப் பிறந்த அளவுகோல், மேற்கோள் காட்டுவதையே அச்சத்துக்குரியதாக்கியது.

பச்சைப்பட்டை கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது 2013 டிசம்பரில். அதன்பிறகு இரண்டு வருடங்களுக்கு மேலாக, நின்றுபோன மணிக்கூட்டைப் போலப் பழைய இலக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. 2016 ஏப்ரலில் அது முற்றாக அகற்றப்பட்டபோது வலைப்பதிவுலகில் பெரிதாக எவரும் அழவில்லை. உள்ளே பேஜ்ராங்க் தொடர்ந்து பயன்படுத்தப்படுவதாகக் கூகிள் பணியாளர் ஒருவர் அடுத்த வருடம் கூறினார். வெளியில் இருப்பவர்களின் பார்வைக்குத்தான் அது இல்லாமற்போனது.

ஸ்ரான்போர்ட் டெய்லி விவகாரத்தை எழுதிய டனி சலிவன், முன்னர் கலிபோர்னியாவில் பத்திரிகைகளில் வேலை செய்துவிட்டு 1990களில் தேடுபொறிகளைப் பற்றி எழுதத் தொடங்கியவர். 2017 இல் அவர் கூகிளில் சேர்ந்து, தேடல் குறித்து வெளியுலகுடன் பேசும் பொறுப்பை ஏற்றார். 2023 செப்டெம்பரில் வந்த மாற்றத்தினால் தனியாகத் தளம் நடத்திய எழுத்தாளர்கள் பலர் வாசகர்களில் பெரும்பகுதியினரை இழந்தார்கள். இந்தத் தடவை விழுந்தது பட்டையின் இலக்கம் அல்ல. உண்மையான வாசகர் தொகை. 2024 ஒக்டோபர் இறுதியில் அவர்களில் சுமார் 20 பேரைக் கூகிள் தனது தலைமையகத்துக்கு அழைத்தது. சலிவனும் அங்கே இருந்தார். உங்கள் தளங்களில் குறை இல்லை, ஆனால் பழைய நிலை திரும்பும் என்று உறுதியளிக்க இயலாது என்ற பொருள்பட அங்கே கூறப்பட்டதாகக் கலந்துகொண்டவர்கள் ஊர்திரும்பி எழுதினார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே தங்களிடம் வேலைசெய்தவர்களை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.